எச்.ஐ.வி. மருந்துகள்: போலி நியூக்ளியோசைடு செல்லுக்குள் போய் என்னதான் செய்கிறது?

செல்வி_உயிர்வேதியியல்

வணக்கம். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ரெட்ரோவைரஸ் பாடத்தில் ‘ஜிடோவுடின் ஒரு சங்கிலி முடிப்பான்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பரீட்சைக்கு அது போதும், எனக்குப் போதவில்லை.

மாத்திரையில் இருப்பது வெறும் நியூக்ளியோசைடு, அதாவது பாஸ்பேட் ஒட்டாத டிஎன்ஏ எழுத்தின் போலி. டிஎன்ஏ கட்டுவதற்கு டிரைபாஸ்பேட் வேண்டும். அந்த மூன்று பாஸ்பேட்டை யார் ஒட்டுகிறார்கள்? அடுத்தது, நம் செல்களும் ஓயாமல் டிஎன்ஏ கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்தப் போலி அங்கேயும் நுழைந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடாதா? அப்புறம், லாமிவுடின் என்ற இன்னொரு போலி மருந்துக்கு எதிராக வைரஸில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், மருந்து தோற்றுவிடும் என்று படித்தேன். ஒன்று மாறினால் எப்படி? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கிருமிநாடி

செல்வி, பாஸ்பேட்டை ஒட்டுவது நம் செல்தான். வைரஸ் ஆய்வகத்தில் நெடுநாள் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

மாத்திரையில் இருக்கிற நிலையில் ஜிடோவுடினால் வைரஸுக்கு எந்தக் கெடுதலும் கிடையாது. அது எச்.ஐ.வி. தாக்கும் நோய் எதிர்ப்புச் செல்லான சிடி4 செல்லுக்குள் நுழைந்ததும், அங்கே தைமிடின் என்ற டிஎன்ஏ எழுத்தைக் கையாளும் நொதிகள் இதையும் தைமிடின் என்றே எடுத்துக்கொள்கின்றன. தைமிடின் கைனேஸ் முதல் பாஸ்பேட்டை ஒட்டும். தைமிடிலேட் கைனேஸ் இரண்டாவதை ஒட்டும். மூன்றாவதை நியூக்ளியோசைடு டைபாஸ்பேட் கைனேஸ் ஒட்டும். நடுப்படி ரொம்ப மந்தம். அதனால் ஒற்றைப் பாஸ்பேட் நிலையிலேயே மருந்து நிறைய தேங்கி நிற்கும்.

நேரடியாக டிரைபாஸ்பேட்டாகவே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். பாஸ்பேட் மின்னூட்டம் கொண்டது, செல் சவ்வைத் தாண்டாது. டெனோஃபோவிர் என்ற இன்னொரு மருந்தில் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். பிராகாவில் அன்டோனின் ஹோலியும் பெல்ஜியத்தின் லூவனில் எரிக் டி கிளர்க்கும் சேர்ந்து செய்த வேலை அது. முதல் பாஸ்பேட்டின் இடத்தில் கழன்று போகாத ஒரு பாஸ்பனேட்டை வைத்தார்கள். முதல் படியே தேவையில்லாமல் போயிற்று, செல் இன்னும் இரண்டு பாஸ்பேட் ஒட்டினால் போதும். ஆனால் பாஸ்பனேட்டுக்கும் மின்னூட்டம் உண்டு. அதை மறைக்கத்தான் மாத்திரையில் ‘டைசோபிராக்சில்’ என்ற வால் இருக்கிறது. உடலுக்குள் போனதும் அது வெட்டுப்பட்டுவிடும்.

இனி வைரஸின் பக்கம். எச்.ஐ.வி.யின் மரபுப்பொருள் ஆர்என்ஏ, சுமார் 9,700 எழுத்து நீளம். அதை இரட்டை இழை டிஎன்ஏ ஆக்கினால்தான் நம் குரோமோசோமில் செருக முடியும். ஆக்கித் தருவது ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். 1970இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்து, 1975இல் நோபல் வாங்கிய நொதி இதுதான். டிஎன்ஏவைக் கட்டத் தொடங்குவதற்கு ஒரு முனை வேண்டுமே, அதற்குக்கூட நம் செல்லின் லைசின் டிஆர்என்ஏவைத்தான் இந்த வைரஸ் பிடித்து வைத்துக்கொள்கிறது.

ஒவ்வொரு எழுத்தும் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். வளரும் சங்கிலியின் நுனியில், சர்க்கரையின் மூன்றாம் கார்பனில், ஒரு ஹைட்ராக்சில் இருக்கும். புதிதாக வரும் டிரைபாஸ்பேட்டின் முதல் பாஸ்பேட்டை அந்த ஹைட்ராக்சிலின் ஆக்சிஜன் தாக்கிப் பிணைப்பு போடும். மிச்சம் இரண்டு பாஸ்பேட்டும் கழன்று போகும். இதற்கு இரண்டு மக்னீசியம் அயனிகள் துணை. அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவை நொதியின் 110, 185, 186ஆம் இடங்களில் உள்ள மூன்று அஸ்பார்டிக் அமிலங்கள். இந்த எண்களை நினைவில் வையுங்கள், உங்கள் மூன்றாம் கேள்விக்குத் தேவைப்படும்.

ஜிடோவுடினில் மூன்றாம் கார்பனில் ஹைட்ராக்சில் இல்லை. மூன்று நைட்ரஜன் சேர்ந்த அசைடோ தொகுதி இருக்கிறது. அது உள்ளே வரும்போது நொதிக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, ஏனென்றால் பாஸ்பேட் பக்கம் சரியாகவே இருக்கிறது. சேர்ந்துவிடும். அடுத்த எழுத்து வரும்போதுதான் தாக்குவதற்கு ஆக்சிஜன் இருக்காது. சங்கிலி அந்த இடத்தில் நின்றுவிடும். இரண்டு இழைக்கும் சேர்த்து 19,000க்கு மேற்பட்ட முறை இந்த நொதி எழுத்து சேர்க்க வேண்டும். அதில் எங்காவது ஒரு போலி விழுந்தால் போதும், அந்த டிஎன்ஏ முழுமை பெறாது.

ஈரோடு_சண்முகம்

நான் ரயில்வேக்காரன், வேதியியல் ஆள் இல்லை. ஆனாலும் இது புரிந்துவிட்டது. முன்பக்கம் மட்டும் கப்ளிங் உள்ள பெட்டியைக் கோத்துவிட்டால் அதற்குப் பின்னால் எதையும் மாட்ட முடியாது, அதுதானே சார்? ஆனால் எங்கள் யார்டில் அப்படி ஒரு பெட்டி வந்தால் சும்மா விடமாட்டோம். அதைக் கழற்றித் தள்ளிவிட்டு வேறு பெட்டி மாட்டுவோம். வைரஸ் அப்படிச் செய்யாதா?

கிருமிநாடி

சண்முகம் அண்ணா, செய்யும். அதற்கு வைரஸ் மாற வேண்டும். நீங்கள் கேட்டதும் செல்வியின் இரண்டாம் கேள்வியும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

நம் உட்கருவில் டிஎன்ஏவைக் கட்டும் பாலிமரேஸ் டெல்டா, எப்சிலான் இரண்டும் நிதானமானவை. எதை உள்ளே விடுவது என்பதில் கறாராக இருக்கும். தப்பித் தவறி ஒன்று நுழைந்தாலும், பின்னால் திரும்பி அதை வெட்டி எடுக்கும் திறனும் அவற்றுக்கு உண்டு. எச்.ஐ.வி.யின் நொதிக்கு அப்படித் திருத்துகிற பகுதியே கிடையாது. தேர்ந்தெடுப்பதிலும் கவனம் குறைவு. ஜிடோவுடின் டிரைபாஸ்பேட் நம் பாலிமரேஸ் ஆல்பாவை விட வைரஸின் நொதியோடு சுமார் 100 மடங்கு நன்றாக ஒட்டும். மருந்துக்கும் விஷத்துக்கும் உள்ள இடைவெளி அந்த 100 மடங்குதான்.

வைரஸின் நொதி கவனமாக இருந்திருந்தால் இந்த மருந்து வகையே இருந்திருக்காது. ஆனால் அதே கவனக்குறைவால்தான் அது நகலெடுக்கும்போது ஓயாமல் பிழை செய்கிறது. சில பத்தாயிரம் எழுத்துக்கு ஒரு பிழை விழும். சிகிச்சை இல்லாத ஒருவர் உடலில் நாளொன்றுக்குச் சுமார் 1,000 கோடி வைரஸ் துகள்கள் உருவாகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள், சாத்தியமான ஒவ்வொரு ஒற்றை எழுத்து மாற்றமும் தினமும் எங்கோ ஒரு துகளில் பிறந்துகொண்டே இருக்கும். மருந்து தடுப்பவற்றைத் தடுக்கும், தடுக்க முடியாத ஒன்று தப்பி வளரும்.

ஜிடோவுடினிடமிருந்து தப்பியவை சண்முகம் அண்ணா சொன்ன வழியைத்தான் பிடித்தன. 41, 67, 70, 210, 215, 219 ஆகிய இடங்களில் மாற்றங்கள் சேரச் சேர, செல்லில் ஏராளமாகக் கிடக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி அந்த நொதியில் வசதியாக உட்கார இடம் கிடைக்கிறது. ஏடிபியின் பாஸ்பேட், சங்கிலியின் நுனியில் இருக்கும் போலியைத் தாக்கிக் கழற்றிவிடுகிறது. எழுத்து சேர்க்கும் அதே வேதிவினை, பின்னோக்கி ஓடுகிறது. நுனி விடுபட்டதும் வேலை தொடரும்.

உண்மை_நாடி

மன்னிக்கவும், ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஏஇசட்டி, அதாவது இந்த ஜிடோவுடின், புற்றுநோய்க்குச் செய்து தோற்றுப்போன விஷம், ஆரம்ப காலத்தில் நோயாளிகள் செத்தது வைரஸால் இல்லை, இந்த மருந்தால்தான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. என் உறவினர் ஒருவர் அதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்தப் போகிறேன் என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

கிருமிநாடி

முதலில் அவரை மருந்தை நிறுத்தவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டுரையில் பாதி உண்மை, அதனால்தான் அது ஆபத்தானது.

ஏஇசட்டியை 1964இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஜெரோம் ஹார்விட்ஸ் செய்தது புற்றுநோய்க்காகத்தான். எலிகளில் வேலை செய்யவில்லை, கிடப்பில் போட்டுவிட்டார். காப்புரிமைகூட எடுக்கவில்லை. 1974இல் ஜெர்மனியில் வொல்ஃப்ராம் ஆஸ்டர்டாக், எலிகளைத் தாக்கும் ஒரு ரெட்ரோவைரஸை இது தடுப்பதைக் காட்டினார். அப்போது மனிதரைத் தாக்கும் ரெட்ரோவைரஸ் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எய்ட்ஸ் வந்த பிறகுதான் பரோஸ் வெல்கம் நிறுவனம் இதைத் திரும்ப எடுத்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் சாமுவேல் புரோடரின் குழுவில் இருந்த ஹிரோவாகி மிட்சுயா 1985 பிப்ரவரியில் எச்.ஐ.வி. தொற்றிய செல்களில் சோதித்தார். அந்த ஜூலையிலேயே முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள்.

1986இல் 282 பேரிடம் சோதனை நடந்தது. நோய் முற்றியவர்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 19 பேர் இறந்திருந்தார்கள், மருந்து எடுத்தவர்களில் ஒருவர். அதற்கு மேல் வெற்று மாத்திரை கொடுப்பது அநியாயம் என்று செப்டம்பரில் சோதனையை நிறுத்தி எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். இறப்புக்கு மருந்துதான் காரணம் என்றால் இந்த எண்கள் தலைகீழாக வந்திருக்க வேண்டும். 1987 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. விலை ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலர். அதே மாதம் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் ‘ஆக்ட் அப்’ அமைப்பினர் சாலையை மறித்துப் போராடினார்கள். சாகக் கிடந்த மனிதர்கள் மருந்துக்காகத் தெருவில் இறங்கினார்கள் என்பதை உறவினரிடம் அவசியம் சொல்லுங்கள்.

மறைக்கக் கூடாத பக்கமும் உண்டு. அந்தச் சோதனையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 250 மில்லிகிராம் கொடுத்தார்கள், நடுராத்திரியிலும் எழுந்து விழுங்க வேண்டும். எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு, ரத்தசோகை வந்து, பலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. 1990இல் அனுமதிக்கப்பட்ட அளவை நாளுக்கு 1,200இலிருந்து 600 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். இன்னொன்று, தனி மருந்தாகக் கொடுத்ததால் பலன் நீடிக்கவில்லை. பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸில் 1,749 பேரிடம் நடந்த கான்கார்ட் ஆய்வில், அறிகுறி வரும் முன்பே ஏஇசட்டியை மட்டும் தொடங்கியவர்கள், பிறகு தொடங்கியவர்களை விட மூன்று ஆண்டு முடிவில் அதிகமாகப் பிழைத்திருக்கவில்லை. மேலே சொன்ன தப்பிப் பிழைத்தல்தான் காரணம். ஒற்றை மருந்தைத் தாண்ட வைரஸுக்குச் சில மாற்றங்கள் போதும். வெவ்வேறு இடத்தில் அடிக்கும் மூன்று மருந்துகளை ஒரே துகள் ஒரே நேரத்தில் தாண்டுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். 1996இல் மூன்று மருந்துக் கூட்டு வந்த பிறகுதான் மரண எண்ணிக்கை சரிந்தது.

ஏஇசட்டி குழந்தைகளுக்கும் எவ்வளவு நல்லது செய்தது என்பதற்கு 1994ஆம் ஆண்டின் ஒரு முடிவு: கர்ப்பிணிக்கும் பிறந்த குழந்தைக்கும் கொடுத்தபோது, தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவது 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாக இறங்கியது.

தாம்பரம்_செவிலி

சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் கூட்டு மருந்து சிகிச்சை மையத்தில் பல வருடம் வேலை பார்த்தவள். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய இடங்களில் தாம்பரமும் ஒன்று. அந்தக் காலத்து மருந்தில் ஸ்டாவுடின் இருந்தது. 2001இல் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துக் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் சொன்னது உலகச் செய்தியானது. அந்தக் கூட்டிலும் ஸ்டாவுடின்தான். ஏழை நாடுகளில் லட்சக்கணக்கானவர்களைப் பிழைக்க வைத்த மருந்து.

ஆனால் போகப் போகக் கன்னத்துச் சதை கரைந்துவிடும். எலும்பு துருத்தி, கண் குழிந்து, கை நரம்பு புடைத்துத் தெரியும். வைரஸ் அடங்கியிருக்கும், எடை ஏறியிருக்கும், ஆனாலும் முகத்தைப் பார்த்தே ஊர் கண்டுபிடித்துவிடும் என்று பெண்கள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வருவார்கள். சிலர் பாதம் எரிகிறது என்று செருப்புப் போட முடியாமல் வருவார்கள். 2009இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைக் கைவிடச் சொன்னபோது எங்களுக்கெல்லாம் அவ்வளவு ஆறுதல். உட்கரு டிஎன்ஏ தப்பிக்கும் என்று சார் சொன்னாரே, இந்தக் கேடு அப்படியானால் எங்கே நடக்கிறது என்பதையும் விளக்குங்கள் சார்.

கிருமிநாடி

மைட்டோகாண்ட்ரியாவில் அக்கா. அதற்குத் தனி டிஎன்ஏ, அதைக் கட்டுவதற்குத் தனியாகப் பாலிமரேஸ் காமா. இந்தக் காமா சில போலிகளிடம் ஏமாறும். ஸ்டாவுடின், டிடானோசின் போன்றவற்றை அது எடுத்துக்கொள்வதால் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ குறைந்து, கொழுப்புச் செல்லும் நரம்பும் பட்டினி கிடக்கும். சிலருக்கு லாக்டிக் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். லாமிவுடினையும் டெனோஃபோவிரையும் காமா அநேகமாக ஒதுக்கிவிடும். அதனால்தான் இன்றைக்கு அவை இரண்டும் முன்வரிசையில் இருக்கின்றன. டெனோஃபோவிருக்குச் சிறுநீரகத்தில் ஒரு கண் வைக்க வேண்டும். மையத்தில் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்ப்பது அதற்காகத்தான்.

செல்வி_உயிர்வேதியியல்

நன்றி சார், நன்றி அக்கா. மூன்றாவது கேள்வி மீதி இருக்கிறது. லாமிவுடினுக்கு எம்184வி. 185, 186ஐ நினைவில் வைக்கச் சொன்னீர்கள், 184 அதற்குப் பக்கத்து வீடு! அதுதான் விஷயமா?

கிருமிநாடி

அதுவேதான். 183இல் டைரோசின், 184இல் மெத்தியோனின், 185இலும் 186இலும் அஸ்பார்டிக் அமிலம். மக்னீசியத்தைப் பிடித்திருக்கும் இடத்தை ஒட்டியே 184 இருக்கிறது. மெத்தியோனினின் பக்கச் சங்கிலி நீளமானது, வளைந்து கொடுக்கும். அது வேலின் ஆக மாறினால், புரதச் சங்கிலியின் முதுகெலும்பை ஒட்டிய கார்பனிலேயே இரண்டாகக் கிளைத்த ஒரு விறைப்பான தொகுதி அங்கே வந்து நிற்கும்.

லாமிவுடின் ஒரு கண்ணாடிப் பிம்ப மூலக்கூறு. இயற்கை நியூக்ளியோசைடுகள் டி வடிவம், இது எல் வடிவம். வளையத்தில் ஒரு கந்தகமும் உண்டு. எல் வடிவத்தில் சர்க்கரை வளையம் சற்றே தள்ளி உட்காரும். சரியாக அந்த வேலினின் கிளையில் முட்டும். இயற்கை எழுத்துக்கு முட்டாது. ஆக ஜிடோவுடினுக்கு எதிராக வைரஸ் கழற்றக் கற்றது, லாமிவுடினுக்கு எதிராக உள்ளே விடாமல் தடுக்கக் கற்றது. தனியாகக் கொடுத்தால் சில வாரத்திலேயே இது நடந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். எம்184வி வந்த வைரஸ் சோர்ந்துவிடுகிறது. அந்த நொதி நீண்ட சங்கிலியைக் கட்டத் திணறுகிறது. போலியைக் கழற்றும் திறனும் குறைகிறது, அதனால் ஜிடோவுடினும் டெனோஃபோவிரும் முன்பைவிட நன்றாக வேலை செய்கின்றன. டெனோஃபோவிருக்கு எதிராக 65ஆம் இடத்தில் வரும் கே65ஆர் மாற்றத்திலும் இப்படித்தான், அது வந்த வைரஸ் ஜிடோவுடினிடம் இன்னும் எளிதாக மாட்டும். எதிர்ப்பு வந்த பிறகும் மருத்துவர்கள் லாமிவுடினைத் தொடர்வதற்கு இதுதான் காரணம். உகாண்டா, கென்யா, ஜிம்பாப்வேயில் நடந்த நாடியா ஆய்வில், முதல் சிகிச்சை தோற்று இந்த மாற்றங்கள் இருந்தவர்களுக்கும் டெனோஃபோவிர், லாமிவுடினோடு, வைரஸ் டிஎன்ஏ குரோமோசோமில் செருகுவதைத் தடுக்கும் டோலுடெகிராவிர் சேர்த்துக் கொடுத்தபோது நன்றாகவே கட்டுப்பட்டது.

பெயர்_வேண்டாம்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை, டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50. அட்டையில் இருப்பதை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதுகிறேன். வைரல் லோடு பல முறையாகக் ‘கண்டறியப்படவில்லை’ என்றே வருகிறது. நகலெடுப்பதையே தடுத்துவிட்டதென்றால் ஏன் ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும்? ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போய்விடுமா? என்றைக்காவது பயணத்தில் விட்டுப்போனால் அன்று ராத்திரி தூக்கமே வருவதில்லை.

கிருமிநாடி

முதலில் பயத்துக்குப் பதில். மருந்தின் வேலையை நாம் பார்க்க வேண்டியது ரத்தத்தில் இல்லை, செல்லுக்குள். டெனோஃபோவிர் அங்கே இரண்டு பாஸ்பேட் ஒட்டிய நிலையில் நாள்கணக்கில் தங்கும். ரத்தத்தில் குறைந்த பிறகும் உள்ளே இருக்கும். ஏஇசட்டியை நான்கு மணிக்கொருதரம் விழுங்கிய காலம் போய் இரவில் ஒரு மாத்திரை போதும் என்று ஆனது இதனால்தான். எப்போதோ ஒரு வேளை தவறினால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வேளை நேரம் வந்துவிட்டால் வழக்கமான ஒன்று மட்டும், இரண்டாகச் சேர்த்து வேண்டாம். நிம்மதியாகத் தூங்குங்கள். அடிக்கடி விட்டால்தான் சிக்கல். மருந்து குறைவாக இருக்கும் நேரத்தில் வைரஸ் பெருகினால் எதிர்ப்பு உருவாகும்.

ஆயுள் முழுக்க ஏன் என்றால், இந்த மருந்துகள் புதிய செல்லில் தொற்றுவதைத்தான் தடுக்கும். சிகிச்சைக்கு முன்பே சில நினைவுச் செல்களின் குரோமோசோமில் வைரஸ் டிஎன்ஏ செருகப்பட்டுவிட்டது. அந்தச் செல்கள் உறங்குகின்றன, நகலெடுப்பே நடக்காததால் போலிக்கு அங்கே வேலையில்லை. இந்தச் சேமிப்பு பாதியாகவே சுமார் 44 மாதம் ஆகிறது. அதே வேகத்தில் முழுதும் தீர 60 ஆண்டுக்கு மேல். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்திலேயே அதிலிருந்து வைரஸ் கிளம்பிவிடும். மருந்து தொடர்ந்து, அளவு கண்டறியப்படாத நிலையிலேயே இருந்தால் உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. இதை ஆயிரக்கணக்கான தம்பதிகளிடம் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். இதை உங்கள் வீட்டிலும் சொல்லலாம்.

உண்மை_நாடி

உறவினருக்கு இந்த இழையை வாசித்துக் காட்டினேன். 282 பேர் கணக்கைக் கேட்டதும் மௌனமாகிவிட்டார். நாளை மையத்துக்கு என்னோடு வருகிறேன் என்றிருக்கிறார். அவருக்கு மஞ்சள் காமாலை பி-யும் இருக்கிறது. அதைப் பற்றியும் அங்கே சொல்ல வேண்டுமா?

தாம்பரம்_செவிலி

கட்டாயம் சொல்லுங்கள் தம்பி. முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் பி வைரஸும் ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ கட்டித்தான் பெருகும், லாமிவுடினும் டெனோஃபோவிரும் அதையும் சேர்த்தே அடக்கி வைத்திருக்கின்றன. திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி பயங்கரமாகக் கிளம்பும், சில சமயம் உயிர் போகும் அளவுக்கு. இதுவரை எத்தனை நாள் நிறுத்தியிருக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், திட்டமாட்டார்கள். பழைய ஹெபடைடிஸ் ரிப்போர்ட், மையத்தில் கொடுத்த பச்சைப் புத்தகம், மிச்சம் இருக்கும் மாத்திரை டப்பா மூன்றையும் கையில் எடுத்துப் போங்கள். கல்லீரலுக்கு அன்றைக்கே ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.